காதுக்குள் என்ன பாட்டு, தம்பி?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த எம்மிடம் ஒரு தாய் வந்து நின்றார். அவர்கள் குடும்பமாக டூட்டிங்குக்கு வந்து ஒன்றரை வருடம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மூத்த மகனுக்குப் பதினைந்து வயது.

“அண்ணை, உங்களை ஒண்டு கேக்கவேணும். இவன் எங்களோட கதைக்கிறதே இல்லை. எந்த நேரமும் காதுக்குள்ள ஏதோ பாட்டு. பாட்டெண்டும் சொல்லேலாது, ஆரோ சண்டை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு. இது காவாலியளின்ர பாட்டெண்டு இவர் சொல்லுறார். போன கிழமை போனைப் பறிச்சு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப் போட்டார். அதிலயிருந்து அவன் எங்களோட இருந்து சாப்பிடுறதும் இல்லை.”

பிறகு கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். கணக்குக் கொப்பி. பின்பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் ‘வீசா, பேசா, ஏசா, கூசா’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. அடுத்த பக்கத்தில் ‘வரிசை, அரிசி, பரிசு’ என்று எழுதி, ‘அரிசி’ வெட்டப்பட்டிருந்தது. இடையிடையே ஆங்கில வரிகள். ஏதோ இரகசியக் குறியீடு, கோஷ்டிகளின் பாஷை என்று தகப்பனார் பயந்துபோனாராம்.

எமக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. எதுகை மோனை என்றால் என்ன என்று அதே பையனுக்குச் சொல்லிக்கொடுக்க நாம் மூன்று சனிக்கிழமைகள் முயன்று கைவிட்டிருந்தோம். அவன் வீட்டில் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அந்தத் தாய்க்குச் சொன்னதையும், பிறகு அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து இம்மாதப் பக்கத்தில் தருகிறோம். வேறு வீடுகளிலும் இந்தப் பூட்டிய அலுமாரி இருக்கக்கூடும்.

முதலில் இது என்ன இசை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவனியூ என்ற அடுக்குமாடியின் பொதுமண்டபத்தில் நடந்த ஒரு விருந்தைத்தான் இதன் பிறந்தநாளாகச் சொல்வார்கள். நடத்தியவள் ஒரு பள்ளி மாணவி. புதிய தவணைக்குப் பள்ளிக்கூட உடுப்பு வாங்கக் காசு சேர்க்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய தமையன், பின்னாளில் கூல் ஹேர்க் என்று பெயர் பெற்றவர். அவர்கள் ஜமேக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பாட்டில் பாடகர் ஓய்ந்து மேளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்குத்தான் சனம் ஆடுகிறது என்று கண்ட அவர், இரண்டு தட்டுகளை வைத்து அந்தத் துண்டையே நீட்டி நீட்டிப் போட்டார். அந்த மேளத்தின் மேல் ஒருவர் சந்தத்தோடு பேசினால் அதுதான் ராப். இதில் எமக்கு அந்நியமாக என்ன இருக்கிறது? கோவிலில் திருப்புகழைச் சந்தம் பிசகாமல் ஓதிக் கேட்டவர்கள் நாம். கேட்ட மாத்திரத்தில் வெண்பாப் பாடிய காளமேகப் புலவரைப் படித்தவர்கள். நின்ற நிலையில் வரி கட்டி எதிராளியை மடக்கும் வேலையைத்தான் இந்தப் பொடியன்களும் செய்கிறார்கள்.

எமது தலைமுறைக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் கிற்றாரோடு பொப் பாட்டு வந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டைக் கூத்தாடிகளின் பாட்டு என்று ஏசியவர்கள் இருந்தார்கள். இன்று அதே பாட்டுக்கு லண்டன் கலியாண வீடுகளில் அம்மம்மாமார் எழும்பி ஆடுகிறார்கள்.

சரி, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? வெளியே தேட வேண்டாம். டூட்டிங்கிலிருந்து பஸ் எடுத்தால் சில நிமிடங்களில் மிச்சம். (இந்த ஊரின் பெயரை முதன்முதலில் கேட்டபோது, எல்லாரும் போக மிஞ்சியவர்களை விடும் இடமாக்கும் என்று நாம் நினைத்தது உண்டு.) அங்கே பிப்ஸ் பிறிட்ஜ் என்ற கவுன்சில் குடியிருப்பில் 1986ஆம் ஆண்டு ஒரு தாயும் பிள்ளைகளும் அகதிகளாகக் குடியமர்ந்தார்கள். பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதினொரு வயது. மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. உலகத்துக்கு எம்.ஐ.ஏ.

இவர் 1975இல் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், இடையில் சென்னையிலும் இருந்து, யுத்தத்தோடு லண்டன் திரும்பியவர். தகப்பனார் அருளர் ஈரோஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். வீட்டில் அவரைக் கண்டது குறைவு. பிள்ளைகளை வளர்த்தது தாயாரின் தையல் வேலை. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த சத்தத்தில்தான் ஹிப்-ஹொப்பை முதலில் கேட்டதாக மாயா சொல்லியிருக்கிறார். மொழி சரியாகப் பிடிபடாத வயதில் தாளம் பிடிபட்டது. பின்னர் சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்து, ஒரு சிறு மேளப்பெட்டி இயந்திரத்தை வைத்துத் தானே பாட்டுக் கட்டத் தொடங்கினார்.

எமது ஆலோசனை: இவருடைய இரண்டாவது இசைத்தொகுப்பான ‘கலா’வில் (2007) தொடங்குங்கள். கலா என்பது தாயாரின் பெயர். முதற்பாட்டைப் போட்டதும் பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அதற்குள் இளையராஜா இருக்கிறார். ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்த துண்டு அது. இரண்டாவது பாட்டு முழுக்க உறுமி மேளம். 2006இல் அமெரிக்க வீசாவில் சிக்கல் வந்ததால், அங்கே செய்ய நினைத்த தொகுப்பைச் சென்னையிலும் திரினிடாட்டிலும் ஜமேக்காவிலும் லைபீரியாவிலும் அவுஸ்திரேலியாவிலுமாக ஓடி ஓடி ஒலிப்பதிவு செய்தார். வீசாக் கிடைக்காதது எமது சனத்துக்குப் புதிய கதையல்ல. ஆனால் வீசாக் கிடைக்காததாலேயே ஒரு இசைத்தொகுப்பு நல்லதாக அமைந்தது என்றால் அது இதுவாகத்தான் இருக்கும். நான்காவது பாட்டு ‘டிஸ்கோ டான்ஸர்’ (1982) இந்திப் படத்தின் ‘ஜிம்மி ஜிம்மி’. ஊரில் வீடியோவுக்கு வாடகை கொடுத்துப் படம் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பதினொராவது பாட்டுத்தான் உலகமெல்லாம் ஓடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’. அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. ‘ஸ்லம்டோக் மில்லியனெயர்’ (2008) படத்திலும் வருகிறது. துவக்குச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் அதில் கேட்கும். தகப்பனார் கேட்டால் உடனே “பார்த்தியளோ!” என்பார். அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்றால் களவு, கள்ளப் பாஸ்போட், கொள்ளை என்று நினைப்பவர்களைப் பார்த்து, “நீங்கள் நினைக்கிற ஆள் இப்படித்தானே” என்று நடித்துக் காட்டும் நக்கல் பாட்டு அது. குரோய்டன் ஹோம் ஒபிஸ் வரிசையில் நின்ற எவருக்கும் அந்த நக்கல் விளங்கும். பையனைக் கேளுங்கள், அவன் விளக்குவான்.

அதற்குப் பிறகு ‘அருளர்’ (2005). தகப்பனாரின் இயக்கப் பெயரையே முதல் தொகுப்புக்கு வைத்தார். மேர்க்குரிப் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போன தொகுப்பு. இது கரடுமுரடானது. எமக்குப் பிடிக்க ஆறு மாதம் சென்றது. மூன்றாவதான ‘மாயா’வை (2010) இப்போதைக்கு விடலாம், தலையிடி வரும். ‘மாதங்கி’ (2013) அதைவிட நல்லது. அவர் சொல்வதெல்லாம் எமக்கு உடன்பாடல்ல, அரசியலிலும் பிற விஷயங்களிலும் அவர் சொன்ன சிலவற்றுக்கு நாம் தலையாட்ட மாட்டோம். அது வேறு, பாட்டு வேறு. 2019இல் அவருக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவிக்கப்பட்டபோது அவர் சொன்னது எமக்கு மறக்கவில்லை: அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையைத்தான் தாயார் முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்து வந்தாராம். அவரைப் பற்றி 2018இல் வந்த விவரணப் படத்தில், அவரே இளவயதில் பிடித்த வீடியோக்களும் இருக்கின்றன. குடும்பமாகப் பார்க்கலாம், இடையில் சில இடங்கள் மனதைக் கலக்கும்.

இனி, அந்தத் தாய் எம்மிடம் கேட்ட நேரடிக் கேள்வி. இது கோஷ்டிப் பாட்டா? பயத்துக்கு இடமே இல்லை என்று நாம் சொல்லப் போவதில்லை. லண்டனில் கத்திக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். ட்ரில் என்று சொல்லப்படும் வகையில் எதிராளியின் பெயரைச் சொல்லிச் சவால் விடும் பாட்டுகளும் உண்டு, அவற்றை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். ஆனால் 2000ஆம் ஆண்டுகளில் எமது பொடியன்களுக்குள் கோஷ்டிச் சண்டை நடந்த காலத்தில், எமக்குத் தெரிந்தவர்களின் காரில் ஓடியது பெரும்பாலும் தமிழ்ச் சினிமாப் பாட்டுத்தான். அதற்காக நாம் சினிமாப் பாட்டைப் பூட்டி வைக்கவில்லை. பிள்ளை யாரோடு போகிறான், எத்தனை மணிக்கு வருகிறான், கையில் கணக்கில்லாத காசு இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டில் இருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பக்கத்து ஊர் ஸ்றெதமில் வளர்ந்தவர் டேவ். பெற்றோர் நைஜீரியர்கள். பதின்வயதில் பியானோவைத் தானே பழகியவர். அவரது ‘சைக்கோட்ராமா’ (2019) அந்த வருட மேர்க்குரிப் பரிசைப் பெற்றது. உளச்சிகிச்சை அறையில் ஒரு இளைஞன் இருந்து கதைப்பதுபோல் முழுத் தொகுப்பும் போகிறது. சிறையில் இருந்த தமையனுக்குக் கிடைத்த சிகிச்சையிலிருந்து வந்த எண்ணம் அது. ஊரின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. தென் லண்டன் கவுன்சில் வீடுகளில் வளரும் பையன் எதைக் கண்டு பயப்படுகிறான், வீட்டில் ஏன் வாய் திறப்பதில்லை என்று அறிய விரும்பும் தகப்பன்மார் இதைக் கேட்க வேண்டும். ஆங்கிலம் வேகமாகப் போகும். வரிகளை எழுத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள், நாமும் அப்படித்தான் கேட்டோம்.

கெட்ட வார்த்தை இருக்குமா? இருக்கும். டேவிலும் இருக்கிறது, கீழே வரும் சிலவற்றிலும் இருக்கிறது. இசைத்தட்டு என்றால் அட்டை மூலையில் கறுப்பு வெள்ளை முத்திரை போட்டிருப்பார்கள். போனில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பல பாட்டுகளுக்கு அந்த வார்த்தைகளை நீக்கிய பதிப்பும் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைப் போடுங்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த வார்த்தைகள் பள்ளிக்கூட மதிலடியில் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அமெரிக்கப் பாட்டுகள் கடல்போல. ஒன்றே ஒன்று கேட்பதானால் ஃபியூஜீஸ் குழுவின் ‘த ஸ்கோர்’ (1996). ‘அகதிகள்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுக்கித்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் ஹெயிட்டி நாட்டுச் சனத்தை ‘அகதி’ என்று இளக்காரமாக அழைத்தார்கள். குழுவில் வைக்ளெஃப் ஜோன் ஹெயிட்டியில் பிறந்தவர், பிறாஸ் ஹெயிட்டிப் பெற்றோரின் பிள்ளை. ஏசப் பயன்பட்ட சொல்லையே எடுத்துப் பெயர்ப்பலகையில் எழுதினார்கள். மூன்றாமவர் லோறின் ஹில். அவர் பாடிய ‘கில்லிங் மீ சொஃப்ட்லி’ 1996இல் இந்த நாட்டில் முதலிடத்துக்கு வந்தது. ராப் என்றாலே காதைப் பொத்தும் அம்மாமாருக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள், அந்தக் குரலை எவரும் வெறுக்க முடியாது. பிடித்தால் அவர் தனியாகச் செய்த தொகுப்பு (1998) இருக்கிறது. அதுவும் எமது வீட்டில் தேய்ந்துபோன தட்டுகளில் ஒன்று.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்றே ஒருவரைச் சொல்ல வேண்டும். கெனான். சோமாலியாவின் மொகடிஷுவில் பிறந்து, 1991இல் யுத்தத்திலிருந்து குடும்பத்தோடு தப்பி, நியூயோர்க் போய், ரொறன்ரோவில் குடியேறியவர். அமெரிக்காவில் இருந்த தகப்பனார் அனுப்பிய ராப் தட்டுகளை ஊரில் வைத்துக் கேட்டு, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் ஒலியை மட்டும் பாடமாக்கி ஒப்புவித்தவர். ஆங்கிலம் அவருக்கு அப்படித்தான் வந்தது. ‘த டஸ்ற்றி ஃபூட் ஃபிலோசொஃபர்’ (2005) அவருடைய நல்ல தொகுப்பு. 2010 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது எங்கும் ஒலித்த ‘வேவின் ஃபிளாக்’ இவருடையதுதான். எமது வகுப்பில் ஆங்கிலம் பேச வெட்கப்படும் பிள்ளைகளிடம் நாம் இப்போது இதைச் சொல்லிப் பார்க்கிறோம். இரண்டு பேருக்குப் பலன் தெரிகிறது.

தமிழில் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’ எல்லாரும் அறிந்ததே, அது விளையாட்டுப் பாட்டு. ஹிப்-ஹொப்பைத் தமிழில் ஊன்றிச் செய்தவர்கள் மலேசியத் தமிழர்கள். பொயற்றிக் அம்மோ என்ற குழு 1998இல் ஆங்கிலம், மலாய், தமிழ், கன்ரனீஸ் என நான்கு மொழியில் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் இருந்த யோகி பி, பின்னர் நட்சத்ரா குழுவோடு ‘வல்லவன்’ (2006) செய்தார். தமிழில் அடுக்கிப் பேசினால் எவ்வளவு வேகம் போகலாம் என்று அதில்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து அறிவு. ‘தெருக்குரல்’ (2019) தொகுப்பைக் கேளுங்கள். 2021இல் தீ என்ற பாடகியோடு, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைப் பிள்ளைகள் எல்லாரும் ஆடியிருப்பார்கள். அது என்ன பாட்டு என்று எத்தனை வீடுகளில் சொல்லிக் கொடுத்தோம்? அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலட்சக்கணக்கான மலையக மக்கள் தாம் உழைத்த மண்ணிலிருந்து அனுப்பப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்த நாம் அன்று அவர்களுக்காகப் பெரிதாக வாய் திறக்கவில்லை. அந்தச் சனத்தின் பேரன் பாடுகிறான், எங்கள் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பாட்டின் புகழ் யாருக்கு என்பதில் பின்னர் பிணக்கு வந்தது, அது தனிக்கதை.

கனடாவில் ஷான் வின்சென்ற் டீ போல். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். யஞ்சன் என்பவரின் மிருதங்கத்துக்கு ஆங்கில ராப் சொல்லும் இவரது காணொளிகளைச் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மிருதங்க வகுப்புக்குப் போக அழும் பிள்ளை அழாமல் போகக்கூடும். ‘மேட் இன் ஜஃப்னா’ (2021) என்ற தொகுப்பு கனமானது, பெரியவர்களுக்கு. சுவிஸில் வளர்ந்த பிரியா ராகு ராப்பைவிட மென்மையாகப் பாடுபவர், ‘சந்தோசம்’ (2023) என்று தமிழ்ப் பெயரே வைத்தார்.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் கொடுக்கவில்லை. மூன்றே மூன்று எழுதிக் கொடுத்தோம்: ‘கலா’, கெனான், ‘வல்லவன்’. மிச்சம் வீதி சரிட்டி கடையில் ஒரு பவுணுக்கு வாங்கிய ‘கலா’ தட்டு எம்மிடம் இரண்டு இருந்தது, ஒன்றைக் கையில் கொடுத்தோம்.

இரண்டு கிழமை கழித்து வந்தவர் தகப்பனார். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேரே வந்திருந்தார். கையில் அதே கணக்குக் கொப்பி.

“அந்த உறுமிப் பாட்டைக் கேட்டனான். நல்லாத்தான் கிடக்கு. மற்றது ஒண்டும் எனக்கு ஏறேல்லை” என்றார். பிறகு கொப்பியைத் திறந்தார். புதிதாக ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தது. தகப்பனார் கண்ணில் பட வேண்டும் என்றே மேசையில் விட்டிருந்தானாம். வல்வெட்டித்துறைக் கடல், படகு, இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு போன அப்பா என்று ஏதோ வருகிறது, அதை இங்கே சொல்ல அவனிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. ‘யாழ்பாணம்’ என்று அவன் எழுதிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு ‘ப்’ போட்டிருந்தது.

“பிழையாய் எழுதினா விடேலுமோ?” என்றார் தகப்பனார். “ஆனா அண்ணை, இந்த ரெண்டாவது வரி எனக்கு விளங்கேல்லை. ஆங்கிலம். அவனைக் கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்கள் சொல்லுங்கோ.”

நாம் சொல்லவில்லை, அவனையே கேட்கச் சொன்னோம். கேட்டாரோ தெரியாது. போன் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் இரண்டு மணித்தியாலம் வெளியே வருகிறதாம்.

பையனுக்கு இப்போது ‘வல்லவன்’ தட்டு வேண்டுமாம், போனில் அல்ல, கையில் வைத்திருக்க. எம்மிடம் இருந்ததை யாரோ இரவல் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை. கொண்டுபோனவர் இதை வாசித்தால் சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் தந்துவிடவும். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்க மாட்டோம்.